கார் பந்தயம் ஓட்ட ஆசையா?

ஒரே ரகக் கார்! ஒரே ரக என்ஜின்! கைத்திறன் உள்ளவருக்கே வெற்றி!

இரவு 11 மணி இருக்கும்.

விருதுநகரில் இருந்து சாத்தூருக்குப் போகும் நான்கு வழிச்சாலை. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டு இருக்கின்றன.

"விர்ர்ர்..." என்று ஒரு சத்தம்!

இரண்டு கார்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பாய்கின்றன. உள்ளே இருப்பவர்கள் வாலிபர்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

டீக்கடையில் நிற்கும் பெரியவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ! நல்லபடியாக வீடு போய்ச் சேரணுமே!" என்கிறார்.

இதுபோன்ற காட்சியை நீங்களும் பார்த்து இருப்பீர்கள். ஒருவேளை, அந்தக் காரில் இருப்பது உங்கள் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம்!

வேகத்தின் மீது ஆசைப்படுவது தப்பு அல்ல. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் இடம்தான் தப்பு.

கார் பந்தயத்துக்கு என்று தனிப் பாதை இருக்கிறது. சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம்கூட இருக்கிறது.

"அது எல்லாம் பணக்காரர் விளையாட்டு, அண்ணாச்சி! நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள்.

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றிக் காட்டினார், தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். அவர் மாற்றிய விதம், நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது அல்ல!

மாட்டு வண்டிப் பந்தயம்

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கம் கோவில் திருவிழா வந்தால் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும்.

எல்லா மாடுகளையும் ஒன்றாக நிறுத்தி ஓட விடுவார்களா? மாட்டார்கள்.

பெரிய மாட்டுக்கு ஒரு பந்தயம். நடு மாட்டுக்கு ஒரு பந்தயம். சின்ன மாட்டுக்கு ஒரு பந்தயம். கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று இன்னும் பல பிரிவுகள் உண்டு.

பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம். சின்ன மாட்டுக்குத் தூரம் குறைவு.

ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்?

லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பெரிய மாட்டோடு, ஏழை விவசாயி வளர்த்த சின்ன மாடு ஓடி ஜெயிக்க முடியாது. சின்ன மாட்டோடு சின்ன மாடு ஓடினால்தான், சாரதியின் சாமர்த்தியம் தெரியும்.

இதே நியாயம்தான் கார் பந்தயத்திலும் இருக்கிறது.

"ஒரே ரகக் கார்" என்றால் என்ன?

பந்தயத்தில் 20 கார்கள் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 கார்களும் ஒரே ரகம். என்ஜின் ஒன்று போல இருக்கும். டயரும் ஒன்று போல இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் இருந்து வந்த தீப்பெட்டிகளைப் போல, ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் தெரியாது!

என்ஜினைத் திறந்து யாரும் கைவைக்கக்கூடாது என்று சீல் வைத்து விடுவார்கள். பந்தயம் முடிந்ததும் பரிசோதனை நடக்கும். சீல் உடைந்து இருந்தால் ஜெயித்தவரின் வெற்றியும் செல்லாது.

காரை எடை போடுவார்கள். ஓட்டுகிறவரையும் சேர்த்து எடை போடுவது உண்டு. ஒல்லியான ஆளுக்கு லாபம் வந்துவிடக்கூடாது அல்லவா? எடை குறைந்தால், காரில் ஈயக்கட்டி வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

சில பந்தயங்களில், யாருக்கு எந்தக் கார் என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்வார்கள்.

எனவே, அப்பாவின் பணப்பை பெரியதா, சிறியதா என்பது முக்கியம் இல்லை. ஓட்டுகிறவரின் கண்ணும், கையும், காலும், மூளையும்தான் முக்கியம்!

சோழவரத்தில் ராஜாக்கள்

சென்னைக்கு வடக்கே சோழவரம் இருக்கிறது. இரண்டாவது உலகப்போர் நடந்தபோது, அங்கே விமானம் இறங்க ஒரு ஓடுதளம் போட்டார்கள்.

போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுதளம் சும்மா கிடந்தது. அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடத் தொடங்கின.

1953-ம் ஆண்டு "மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்" என்ற சங்கம் ஏற்பட்டது. சோழவரத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்கப் பெரும் கூட்டம் கூடியது.

ஆனால், ஓட்டியவர்கள் யார்? கோண்டல் மகாராஜா போன்ற ராஜாக்கள்! பெரிய ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைகள்! வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்த கார்கள்!

சாதாரண ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். அவ்வளவுதான்.

கோவை வாலிபரின் யோசனை

சுந்தரம் கரிவரதன், கோவைக்காரர். பிறந்தது 1954-ம் ஆண்டு. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் கார் ஓட்டிப் பல பரிசுகள் வாங்கியவர்.

அவர் நினைத்து இருந்தால், தானும் ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கி, தன்னந்தனியாக முன்னால் ஓடிக்கொண்டு இருக்கலாம்.

அவர் அப்படி நினைக்கவில்லை.

அப்போதுதான் மாருதி 800 கார் இந்தியாவில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டு இருந்தது. முதல் கார் 1983-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வந்தது. சின்னக் கார். 796 சி.சி. என்ஜின். அதில் 3 சிலிண்டர். உதிரிச் சாமான்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார்.

"இந்த என்ஜினைப் போட்டு ஒரு பந்தயக் கார் செய்தால் என்ன?" என்று கரிவரதன் யோசித்தார்.

செய்தார்!

ஒருவர் மட்டும் உட்காரும் கார். சக்கரங்கள் நான்கும் வெளியே தெரியும். மேல் மூடி கிடையாது. உள்ளே இருப்பது, நம் தெருவில் ஓடும் மாருதியின் என்ஜின்!

1980-களின் கடைசியில் இந்தக் கார் பந்தயத்துக்கு வந்தது. "பார்முலா மாருதி" என்று பெயர் விளங்கியது. ஒரே ரகக் கார்கள் பல செய்யப்பட்டன. புதிய ஓட்டுநர்கள் வந்தார்கள்.

1990-ம் ஆண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கு என்றே ஒரு புதுப் பாதையை மெட்ராஸ் சங்கம் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது.

1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கரிவரதன் விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41.

ஆள் போய்விட்டார். அவர் போட்ட பாதை போகவில்லை.

மாருதியில் தொடங்கி உலகப் பந்தயம் வரை

அந்தச் சின்னக் காரில் ஓட வந்தவர்களில் ஒரு பையனும் இருந்தான். அவனும் கோவைதான். தகப்பனார் ஜி.ஆர்.கார்த்திகேயன், ராலி என்னும் நெடுந்தூரக் கார்ப் போட்டியில் தேசிய சாம்பியனாக இருந்தவர்.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்த பார்முலா மாருதி பந்தயம்தான் அந்தப் பையனுக்கு முதல் பந்தயம். முதல் பந்தயத்திலேயே, முதல் மூன்று பேரில் ஒருவனாக மேடை ஏறினான்.

அந்தப் பையன் யார் தெரியுமா?

நரேன் கார்த்திகேயன்!

2005-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், "பார்முலா 1" என்னும் உலகப் பந்தயத்தில் அவர் ஓடினார். அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர்தான்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் 4-வது இடம் பெற்றார். டயர் தகராறில் பல அணிகள் விலகிக்கொண்டன. 6 கார்கள்தான் ஓடின. என்றாலும், கணக்கில் 5 புள்ளிகள் ஏறின! 2010-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

800 சி.சி. என்ஜினில் ஆரம்பித்த ஓட்டம், உலகப் பந்தயம் வரை போய்விட்டது!

வெளிநாட்டிலும் இதே கதை

கரிவரதனின் யோசனை உலகத்துக்குப் புதியது அல்ல.

அமெரிக்காவில் "பார்முலா வீ" என்று ஒரு பந்தயம் உண்டு. 1963-ம் ஆண்டு அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. வோக்ஸ்வாகன் கம்பெனியின் "வண்டு" கார் இருக்கிறது அல்லவா? அதன் என்ஜினையும் சாமான்களையும் வைத்துச் செய்த பந்தயக் கார் அது. உலக சாம்பியன் பட்டத்தை 3 தடவை வென்ற நிக்கி லாடாவும் தொடக்கக் காலத்தில் இந்த ரகக் காரை ஓட்டியவர்தான்.

1967-ம் ஆண்டு இங்கிலாந்தில் "பார்முலா போர்டு" வந்தது. அதில் போர்டு காரின் சாதாரண என்ஜின்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள்.

பிரான்சு நாட்டில் லீ மான்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 24 மணி நேரக் கார் பந்தயம் 1923-ம் ஆண்டு முதல் புகழ் பெற்றது. அமெரிக்காவில் ஓட்டைக் காரை "லெமன்", அதாவது எலுமிச்சம்பழம் என்று கேலி செய்வார்கள். இரண்டையும் சேர்த்து, "24 மணி நேர லெமன்ஸ்" என்ற பந்தயத்தை 2006-ம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கினார்கள்.

இதில் கலந்துகொள்ளும் கார், 500 டாலருக்கு மேல் பெறக்கூடாது! பழைய சாமான் கடைக்குப் போக வேண்டிய கார்கள் எல்லாம் வந்து ஓடுகின்றன.

ஆனால், ஒரு விதியைக் கவனியுங்கள்.

உயிரைக் காக்கும் சாமான்களுக்கு இந்த 500 டாலர் கணக்குக் கிடையாது. இரும்புக் குழாய்க் கூண்டு, இருக்கை, கட்டுப்பட்டை, பிரேக் ஆகியவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம்.

காரில் மிச்சம் பிடிக்கலாம். உயிரில் மிச்சம் பிடிக்கக்கூடாது! மலிவுப் பந்தயத்தின் முதல் பாடம் இதுதான்.

எங்கே போவது?

விருதுநகரில் இருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில் கோவை இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில், "கரி மோட்டார் ஸ்பீட்வே" என்ற பந்தயப் பாதை உள்ளது. கரிவரதன் நினைவாக வைத்த பெயர் இது. 2003-ம் ஆண்டு தொடங்கியது. ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர்.

இன்னொன்று, முன்பே சொன்ன இருங்காட்டுக்கோட்டைப் பாதை. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். இப்போது "மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்" என்று அழைக்கிறார்கள்.

இது தவிர, 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1-ந் தேதிகளில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிச் சாலையிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. சாலையை அடைத்து, இருபுறமும் தடுப்பு கட்டி, விளக்குப் போட்டு நடத்தினார்கள். அதில் ஓடிய "பார்முலா 4" கார்களும் ஒரே ரகம்தான்!

எப்படித் தொடங்குவது?

படிப்படியாகப் போக வேண்டும். முதல் நாளே பந்தயக் காரில் ஏற முடியாது.

முதல் படி: பார்ப்பது.

பந்தயம் நடக்கும் நாளில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். காரை மட்டும் பார்க்காதீர்கள். ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு "மார்ஷல்" என்று பெயர். சங்கங்கள் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலையில் சேர்த்துக்கொள்வது உண்டு. பந்தயத்தின் சட்டதிட்டங்களைக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

இரண்டாவது படி: கோ-கார்ட்.

இது குட்டிக் கார். மேலே கூரை இல்லை. அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் இல்லை. வாடகைக் கார்ட்டில் கியர் மாற்றும் வேலையும் இல்லை. வலது காலில் ஆக்சிலேட்டர். இடது காலில் பிரேக். அவ்வளவுதான்.

பெரிய நகரங்களில் இதை வாடகைக்கு விடுகிறார்கள். சில நூறு ரூபாய் கொடுத்தால் சில நிமிடங்கள் ஓட்டலாம். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகம்தான் போகும். ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுவதால், 100 கிலோமீட்டர் வேகம் போலத் தோன்றும்!

உலகப் பந்தய வீரர்களில் பெரும்பாலோர் கோ-கார்ட்டில் படித்தவர்கள்தான்.

மூன்றாவது படி: பயிற்சி.

பந்தயப் பாதைகளில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பாடமும் உண்டு, ஓட்டமும் உண்டு. கார் அவர்களுடையது. கற்றுத் தருபவர், பந்தயத்தில் ஓடிப் பழகியவர்.

நான்காவது படி: லைசென்சு.

சாலையில் ஓட்டும் லைசென்சு வேறு. பந்தய லைசென்சு வேறு. பந்தய லைசென்சை, "எப்.எம்.எஸ்.சி.ஐ." என்னும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு கொடுக்கிறது. டாக்டர் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

ஐந்தாவது படி: அணியில் இடம்.

சொந்தக் கார் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பந்தய அணிகள் காரை வைத்துக்கொண்டு இருக்கின்றன. கட்டணம் கட்டினால், காரும் தருவார்கள், மெக்கானிக்கும் தருவார்கள். நீங்கள் ஹெல்மெட்டோடு போனால் போதும். "எல்.ஜி.பி. பார்முலா 4" என்ற ஒரே ரகப் பந்தயம் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் இருப்பதும் மாருதி என்ஜின்தான்!

வளைவில்தான் வெற்றி

"நேர்ச்சாலையில் யார் அதிகமாக அழுத்துகிறாரோ, அவர்தான் ஜெயிப்பார்" என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு!

எல்லாக் காரும் ஒரே ரகம். நேர்ச்சாலையில் எல்லோரும் ஒரே வேகத்தில்தான் போவார்கள். வெற்றி தோல்வி வளைவில்தான் முடிவாகிறது.

வளைவுக்கு முன்னாலேயே, கார் நேராக இருக்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும். வளைவின் நடுவில் மிதித்தால் கார் சுழன்றுவிடும்.

பாதையின் வெளி ஓரத்தில் இருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வர வேண்டும். இப்படிப் போனால் வளைவு சற்று நேராகிவிடும்.

மெதுவாக நுழைந்து, வேகமாக வெளியே வருகிறவர்தான் கெட்டிக்காரர். வேகமாக நுழைகிறவர், மண்ணில் போய் நிற்பார்!

கொடியையும் படிக்கத் தெரிய வேண்டும்.

மஞ்சள் கொடி: முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறை. முந்தாதே.

சிவப்புக் கொடி: பந்தயம் நிறுத்தப்பட்டது. மெதுவாகத் திரும்பி வா.

நீலக் கொடி: பின்னால் வேகமான கார் வருகிறது. வழி விடு.

கறுப்புக் கொடி: நீ தப்புச் செய்தாய். உள்ளே வா.

கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட கொடி: பந்தயம் முடிந்தது.

மஞ்சள் கொடியைப் பார்த்தும் முந்தினால் தண்டனை உண்டு. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் விட மாட்டார்கள்.

சிவகாசிக்காரருக்குத் தெரியும்

விதி என்றால் என்ன என்பதை, சிவகாசிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

மருந்துக் கலவை அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து இருக்கக்கூடாது. இரும்புச் சாமான் கூடாது. நைலான் உடை கூடாது. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். இவை எல்லாம் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மனப்பாடம்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை யாராவது மறக்க முடியுமா?

நெருப்போடு பழகுகிற தொழிலுக்கு விதி எப்படியோ, வேகத்தோடு பழகுகிற விளையாட்டுக்கும் விதி அப்படியே.

பந்தயத்திலும் நைலான் கூடாது. தீப்பிடித்தால் அது உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். எளிதில் தீப்பற்றாத துணியில் தைத்த உடை வேண்டும். ஹெல்மெட் வேண்டும். கையுறை வேண்டும். தோளையும் இடுப்பையும் இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும். காருக்கு உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டும். தீயணைக்கும் கருவி வேண்டும்.

இவ்வளவும் எதற்கு?

நடிகர் அஜித்குமாரைக் கேளுங்கள்! அவர் 2010-ம் ஆண்டிலேயே "பார்முலா 2" பந்தயத்தில் ஓடியவர். 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். 7-ந் தேதி பயிற்சி ஓட்டத்தில், அவரது கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. கார் நொறுங்கியது. அவர் காயம் இல்லாமல் எழுந்து வந்தார்! சில நாட்களில் அவரது அணி, தன் பிரிவில் 3-வது பரிசையும் பெற்றது.

அந்த வேகத்தில் சாலையில் ஒரு புளிய மரத்தில் மோதி இருந்தால்? நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது.

இதையும் மறைக்கக்கூடாது

பந்தயப் பாதையில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். அது பொய்.

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த கார் பந்தயத்தில், 59 வயது அனுபவசாலி ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், அதே இடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பலியானான்.

டாக்டர் இருந்தார். ஆம்புலன்சு இருந்தது. இருந்தும் இரண்டு உயிர்கள் போயின.

ஆகவே பெற்றோர்களே, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பாதையை நேரில் பாருங்கள். டாக்டர் இருக்கிறாரா, ஆம்புலன்சு நிற்கிறதா என்று கேளுங்கள். பையனின் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

செலவு எவ்வளவு?

"மலிவு" என்று சொன்னதும், தீப்பெட்டி விலை என்று நினைத்துவிட வேண்டாம்.

கோ-கார்ட் வாடகை சில நூறு ரூபாய். பயிற்சி வகுப்பு ஆயிரக் கணக்கில் ஆகும். ஒரு ஆண்டு முழுவதும் அணியில் சேர்ந்து ஓடினால், செலவு லட்சக் கணக்கில் வரும். உலகப் பந்தயத்துக்குக் கோடிக் கணக்கில் ஆகிறது. அதைப் பார்க்கும்போதுதான் இது மலிவு!

கார் உடைந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மோட்டார் இன்சூரன்சு, பந்தய விபத்துக்குப் பணம் கொடுக்காது.

ஒரு வார்த்தை. கந்துவட்டிக்குக் கடன் வாங்கி யாரும் பந்தயம் ஓட்டக்கூடாது. நகையை அடகு வைக்கக்கூடாது. இது வேலை அல்ல, விளையாட்டு. பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்தலாம் என்பது கனவு.

கையில் பணம் இல்லாதவருக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன.

பட்டறையில் வேலை தெரிந்த வாலிபர், பந்தய அணியில் மெக்கானிக் ஆகலாம். 10 நிமிடத்தில் என்ஜின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஆளுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி. அவர்களே பந்தயக் கார் செய்து கொண்டுவரும் "பார்முலா பாரத்" என்ற போட்டி, கோவை கரி பாதையில் நடந்து வந்திருக்கிறது. அதில் ஓட்டுவது மட்டும் அல்ல. ஏன் இப்படிச் செய்தாய், எவ்வளவு செலவு ஆயிற்று என்பதற்கும் மார்க் உண்டு!

பெண்களும் ஓட்டுகிறார்கள்

"இது ஆம்பிளைப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா, மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கார் பந்தயத்திலும் ஓடிப் பெயர் எடுத்தவர். தகப்பனார் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். மகளும் சிறு வயதிலேயே கோ-கார்ட்டில் தொடங்கினார்.

ஒரே ரகக் காரில் பெண்ணுக்கு என்று தனிப் பந்தயம் வேண்டியது இல்லை. கொடி விழுந்ததும் எல்லோரும் ஒன்றுதான்.

சாலையில் ஓட்டினால் ஜெயில்!

கடைசியாக, மறுபடி அந்த நான்கு வழிச்சாலைக்கு வருவோம்.

பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் பந்தயம் விடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி, முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுபடி செய்தால், ஒரு ஆண்டு வரை ஜெயிலுக்குப் போக நேரிடும்.

18 வயது நிரம்பாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தகப்பனாருக்கும் ஆபத்து! 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி, வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைக்கலாம்.

சட்டத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. சாலையில் எதிரே வருகிறவர் யார்? பட்டாசு ஆலை வேலை முடிந்து வேனில் திரும்பும் பெண்கள். சைக்கிளில் வரும் பால்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் யாரும் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கவில்லை!

கல்கத்தாவுக்குப் போன இருவர்

1922-ம் ஆண்டு, சிவகாசியில் இருந்து ஐயநாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தீப்பெட்டி செய்யும் தொழில் அங்கே இருந்தது. அவர்கள் அதைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். 1923-ம் ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது.

தெரியாத தொழிலை, தெரிந்த இடத்துக்குப் போய்க் கற்றார்கள். தெருவில் மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்த்துக் கற்கவில்லை!

உங்கள் பையனுக்கு வேகத்தின் மீது ஆசை இருக்கிறதா? திட்டாதீர்கள். கார் சாவியை ஒளித்து வைத்தால் மட்டும் போதாது. நண்பனின் சாவி அவனுக்குக் கிடைத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கோவைக்குக் கூட்டிப் போங்கள். கோ-கார்ட்டில் ஏற்றி உட்கார வையுங்கள். பத்துச் சுற்று ஓட்டட்டும். அவன் அதை நேரக்கணக்குப் போட்டுக் காட்டும்போது, "என்னைவிடச் சின்னப் பையன் 5 வினாடி முன்னால் வந்துவிட்டானே!" என்று அவனே திகைப்பான்.

அதே ரகக் கார். அதே பாதை. ஆனாலும் 5 வினாடி!

அன்று ஊர் திரும்பும்போது, "அப்பா, வளைவில் நான் தாமதமாகப் பிரேக் போட்டுவிட்டேன். அடுத்த தடவை சரியாகப் போடுவேன்" என்று பேசிக்கொண்டே வருவான்.

சாத்தூர் சாலையில் இரவு 11 மணிக்குக் கார் சத்தம் கேட்டால், அதன்பிறகு நீங்கள் பதற வேண்டியது இல்லை. உங்கள் பையன் வீட்டில் தூங்கிக்கொண்டு இருப்பான்.